பத்தொன்பதாம் வெட்டு

கெட்டில் விசிலடித்துக்கொண்டே இருந்தது. குளியலறையில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவள், 'அவர் இறக்கிவிடுவார்' என்று நினைத்தாள். சோப்புப் போட்டு முடித்தும் விசில் நிற்கவில்லை. துணி மாற்றிக்கொண்டு அடுக்களைக்கு வந்து பார்த்தால், அவள் புருஷன் அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ரொட்டித் துண்டில் வெண்ணெயை ஓரம் வரைக்கும் இழுத்து இழுத்துத் தடவிக்கொண்டிருந்தார். முதுகுக்குப் பின்னால் இரண்டு முழம் தள்ளி கெட்டில் உயிர் போகிறாற்போல் கத்திக்கொண்டிருந்தது.

எட்டி அடுப்பை அணைத்தாள். அப்போதுதான் அவர் நிமிர்ந்தார்.

"இன்னும் கொதிக்கலை போலிருக்கு. இந்த மழைக்கு எல்லாமே மெதுவாத்தான் ஆகுது," என்றார்.

அவள் சிரித்துவிட்டாள். ஒரு நாடக நடிகரோடு இருபத்தெட்டு வருஷம் குடும்பம் நடத்தியவள். எது வேஷம், எது நிஜம் என்று தெரியாமல் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை ஏமாந்து பழகியவள். 'வம்புக்கு இழுக்கிறார்' என்று எண்ணிக்கொண்டே கெட்டிலைத் திறந்தாள். அடியில் ஒரு கை தண்ணீர்தான் மிச்சம். பாக்கியெல்லாம் ஆவியாகிப் போயிருந்தது. வம்புக்காக யாரும் இவ்வளவு நேரம் நடிக்க மாட்டார்கள்.

சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று. மூன்று மாதமாகவே அடுத்த அறையிலிருந்து கூப்பிட்டால் அவரிடமிருந்து பதில் வருவதில்லை. பாடம் படிக்கிறார் என்று விட்டிருந்தாள். யார் பேசினாலும் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். "உங்க வீட்டுக்காரர் இப்பல்லாம் என்ன மரியாதையா நின்னு கேக்குறார்," என்று எதிர்வீட்டுக்காரி மெச்சியபோது, இவளும் பெருமைப்பட்டுத் தொலைத்திருந்தாள்.

செருப்பை மாட்டினாள். பையைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள். எப்போதும் பேசுகிற குரலில் சொன்னாள்: "நான் உங்களை விட்டுட்டுப் போறேன். இனிமே வர மாட்டேன்."

நிழல் விழுந்ததைப் பார்த்துத்தான் அவர் திரும்பினார். செருப்பைப் பார்த்தார், பையைப் பார்த்தார், ஜன்னலில் மழையைப் பார்த்தார்.

"சரிம்மா. குடை எடுத்துக்கோ," என்றார்.

அவள் பையை இறக்கி வைத்துவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"எத்தனை நாளா?"

"எது எத்தனை நாளா?"

"காது."

அவர் ரொட்டியைத் தட்டில் வைத்தார். முகத்தில் ஒன்றையும் காட்டவில்லை. காட்டாமல் இருப்பதற்கும் படித்தவர்தானே. "வலது காது போன வருஷமே போச்சு. இடது இந்த மூணு மாசமா. உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"உங்களை விட்டுட்டுப் போறேன்னேன். குடை எடுத்துக்கோன்னீங்க."

"தப்பில்லாத பதில்தானே அது."

"விளையாடாதீங்க. போன மாசம் தியேட்டர்ல எல்லாருக்கும் டாக்டர் வந்து பார்த்தாரே. காதுல மெஷினை மாட்டி, சத்தம் கேட்டா கையைத் தூக்கச் சொன்னாங்களே."

"நர்ஸ் பட்டனை அமுக்கும்போது அந்தம்மா தோள் அசையும். கதவுக் கண்ணாடில தெரிஞ்சுது. ரெண்டு தடவை வேணும்னே தூக்காம விட்டேன். எல்லாத்துக்கும் தூக்கினா சந்தேகம் வருமில்ல."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "அப்ப அந்தக் கத்திச் சண்டை? என் தம்பியோட?"

அவர் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

லேசுப்பட்ட நடிகர் இல்லை அவர். அவருடைய அப்பா ஐஸ் தொழிற்சாலையில் பார் பாராக ஐஸ்கட்டி சுமந்தவர். மகனும் அந்த வாசலில்தான் போய் நிற்பான் என்று எல்லோரும் நினைத்திருக்க, பதினெட்டு வயதில் நாடகப் பள்ளியில் போய்ச் சேர்ந்தார். நாலு வருஷப் படிப்பு. முதல் வருஷம் முழுக்க வாயையே திறக்க விடவில்லை. நிற்பது, நடப்பது, மூச்சு விடுவது, அடிபடாமல் விழுவது. "நிக்கிறதுக்கு ஒரு வருஷமா? தலையில ஒரு ஐஸ் பாரை வெச்சா ஒரே நாள்ல நிமிர்ந்து நிப்பியேடா," என்றாராம் அப்பா. இரண்டாம் வருஷம் பழைய கவிதை நாடகங்கள். அங்கே ஒரு கட்டாயம் உண்டு: தன் பாடத்தை மட்டும் படித்தால் போதாது, கூட நடிக்கிற எல்லோருடைய பாடத்தையும் ஒரு எழுத்துப் பிசகாமல் படிக்க வேண்டும். மேடையில் எவர் எப்போது என்ன சொல்வார் என்பது அவருக்கு இன்றைக்கும் அத்துப்படி. காது போனதை ஒருத்தரும் கண்டுபிடிக்காமல் இருந்ததற்கு அந்தப் படிப்புதான் காரணம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கக்கூட ஒரு படிப்பு இருக்கிறது பாருங்கள்.

மூன்றாம் வருஷம் வாள். வாள் வாத்தியார் முதல் வகுப்பிலேயே தன் இடது கண்ணைக் கழற்றி மேஜைமேல் வைத்தாராம். கண்ணாடிக் கண். "ஒருத்தன் நிறுத்துன்னு கத்தினான். இன்னொருத்தன் காதுல விழலை. அவ்வளவுதான் கதை," என்றாராம். கல்யாணமான புதிதில் இந்தக் கதையைச் சொல்லி அவர் அவளைப் பயமுறுத்துவார். அவளும் பயந்ததுபோல் காட்டுவாள்.

பள்ளி முடிந்து வந்து இந்தத் தியேட்டரில் முப்பத்து மூன்று வருஷம். பத்து வருஷம் ஈட்டி பிடித்து நின்றார். அப்புறம் தூதன், வைத்தியன், வாசல் காப்போன், இரண்டாவது கொலைகாரன். மைக் இல்லாமல் கடைசி வரிசை வரைக்கும் போகிற குரல். ஆனால் நாடகத்தைத் தூக்கி நிறுத்துகிற வேஷம் ஒன்றுகூட வாய்க்கவில்லை. ஐம்பத்தாறு வயதில் இப்போதுதான் வந்திருந்தது: கிழத் தளபதி. கடைசிக் காட்சியில் எதிரிப் படைத் தலைவனோடு இருபத்தேழு வெட்டுச் சண்டை போட்டு, ஜெயித்து, ஜெயித்த இடத்திலேயே உட்கார்ந்து பேசிப் பேசிச் சாக வேண்டும். எதிரியாக நடிப்பவன் அவளுடைய தம்பி. அவளுக்குப் பத்து வயதிலேயே தாய் போய்விட, இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை. மாமாவைப் பார்த்து அதே பள்ளியில் படித்து, அதே மேடைக்கு வந்தவன்.

சண்டைக்கு முறை இருக்கிறது. அடிக்கிறவர் வெட்டின் எண்ணை அடிக்குரலில் சொல்வார். வாங்குகிறவர் 'வா' என்பார். 'வா' வந்த பிறகுதான் வாள் வரும். முனை மழுங்கிய வாள்தான். ஆனால் இரும்பு இரும்புதான். ஏதாவது பிசகினால் நிறுத்துவதற்கு ஒரு சொல் உண்டு. பழைய நாடகம் எதிலும் வராத சொல்லாக இருக்க வேண்டும் என்று யாரோ எப்போதோ வைத்தது: 'தபால்'. அந்தச் சொல் காதில் விழுந்தால் நடிகர், ஆசாரி, விளக்குக்காரர் யாராக இருந்தாலும் கை அப்படியே நிற்க வேண்டும். ஒரு தடவை புதிதாக வந்த தபால்காரர் வாசலில் நின்று வழக்கம்போலக் குரல் கொடுக்க, உள்ளே வாளை ஓங்கிய நாலு பேர் ஓங்கியபடியே நின்றார்கள், ஏணிமேல் இருந்த பெயிண்டர்கூட பிரஷ்ஷைத் தூக்கிக்கொண்டு நின்றார். அதிலிருந்து அந்தக் கட்டிடத்தில் வருகிறதெல்லாம் 'லெட்டர்'தான். தப்பித் தவறி அந்த இன்னொரு சொல்லை யாரும் வாயால் சொல்வதில்லை.

"மாப்ள உதட்டைப் பார்த்துக்குவேன்," என்றார் கடைசியில். "வான்னு சொல்றப்ப வாய் நல்லாத் திறக்கும். மூணு மாசமா அப்படித்தானே ரிகர்சல் பண்றோம். ஒரு கீறல் விழுந்திருக்கா?"

"விழுந்துட்டா?"

"பத்தொன்பதாம் வெட்டு ஒண்ணுதான் தலைக்கு நேரா வர்றது. மத்ததெல்லாம் கத்தி மேலதான். அதுக்கு அவன் குனிஞ்சிருவான்."

"குனியாம வழுக்கி விழுந்தா? நிறுத்துன்னு கத்தினா?"

"கத்தினாக் கேக்கும்மா. இடது காதுல பெரிய சத்தம் கேக்குது. அந்தச் சொல்லைக் கத்தினா கண்டிப்பாக் கேக்கும்." அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "காது போச்சுன்னு தெரிஞ்சா சண்டையை எடுத்துருவாங்க. சண்டை போனா தளபதி போச்சு. முப்பது நாள் நடக்கும் நாடகம். முடிஞ்ச மறுநாள் நானே போய்ச் சொல்லிடறேன். அதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லாதே. உன் தம்பிகிட்டயும்."

எத்தனையோ நாடகத்தில் அவர் கெஞ்சிப் பார்த்திருக்கிறாள். இந்தக் கெஞ்சலில் குரல் ஏற்ற இறக்கம் எதுவும் இல்லை. அதனால் நம்பி, சரியென்று தலையை ஆட்டினாள்.

அவள் அந்தத் தியேட்டரிலேயே உடை தைப்பவள். எல்லோருக்கும் தையலக்கா. மொட்டை மாடியில் தகரக் கூரை போட்ட அறை. மழை பெய்தால் மிஷின் ஓடுவதுகூடக் கேட்காது. அன்றைக்கு மதியம் இயக்குநர் மேலே வந்தாள். முப்பது வயதுப் பெண், பேச்சில் எப்போதும் ஒரு அவசரம். இரண்டு கைகளிலும் இரண்டு தலைக்கவசங்கள். முகம் மூடியது, கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை.

"தையலக்கா, சண்டையில ரெண்டு பேரும் இதைப் போட்டுக்கிறாங்க. முகமே தெரியக் கூடாது. செத்த பிறகு கழட்டினாத்தான் யாருன்னு தெரியணும். புதுசா தோணுச்சு. உள்ள நல்லா தடியா கம்பளி வெச்சுத் தைச்சுக் குடுங்க, நாளைக்கு வேணும்."

தையலக்கா கவசத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "வாய்ப் பக்கம் மட்டும் கொஞ்சம் வெட்டி விடட்டுமா? மூச்சு முட்டுமே."

"ஓட்டை போட்டிருக்காங்க அக்கா, அடியில பாருங்க."

"வாய் தெரிஞ்சா பேச்சு நல்லா..."

"சண்டைல ஏதுக்கா பேச்சு? வெட்டாதீங்க, கெட்டுப்போயிடும்."

இயக்குநர் இறங்கிப் போய்விட்டாள். தம்பியின் உதடு இருக்கப்போகிற இடத்தைத் தடவிப் பார்த்தாள் தையலக்கா. இரும்பு. மழை ஒரு வாரமாக விடவில்லை. கம்பளி ஈரம் கோத்துக் கனத்துக் கிடந்தது. இஸ்திரிப் பெட்டியை வைத்துக் காய வைத்து, நாலு மடிப்பாக வெட்டி, நெற்றி, நெற்றிப்பொட்டு, பிடரி, காது என்று தைத்தாள். தம்பியின் கவசத்துக்கு மட்டும் யாருக்கும் தெரியாமல் ஒரு மடிப்புக் கூட வைத்தாள். அவளால் முடிந்தது அது ஒன்றுதான்.

சாயங்காலம் வீட்டில் உருளைக்கிழங்கும் முட்டையும் வேகவைத்து மேஜையில் வைத்தாள். ஆறுகிற வரைக்கும் இருவரும் அதைத் தொடவில்லை.

"முகத்தை மூடிட்டாளே. இப்ப என்ன பண்ணுவீங்க?"

"எண் என் உடம்புலயே இருக்கு. எழுந்திரு, காட்டுறேன்." துடைப்பக் கட்டையை அவள் கையில் கொடுத்துவிட்டு, அவர் குடையை எடுத்துக்கொண்டார். இருபத்தேழும் நடந்தது. அவள் எங்கே நின்றாலும் குடை அங்கே கணக்காக வந்தது. பத்தொன்பதில் அவள் வேண்டுமென்றே குனியாமல் நின்று பார்த்தாள். குடை அவள் முடிக்கு இரண்டு விரல் தள்ளி நின்றது.

"பார்த்தியா?" என்றார். மூச்சு வாங்கவில்லை.

அவளுக்குப் பாதி தெம்பு வந்தது. கண்ணுக்கு முன்னால் அவள் முகம் இருந்ததே, அதனால் நின்றிருக்குமோ என்று மீதிப் பாதி கேட்டது. அவர் திரும்பி நிற்கும்போது அந்தச் சொல்லைச் சொல்லிப் பார்க்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. கேட்காமல் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம்தான்.

மறுநாள் சனிக்கிழமை, கவசம் போட்டு முதல் ஒத்திகை. அவள் ஊசியும் நூலுமாகத் திரை ஓரத்தில் நின்றாள். பதின்மூன்று வரைக்கும் சரியாகப் போயிற்று. பதினாலில் தம்பியின் கால், கூரை ஒழுகித் தேங்கியிருந்த தண்ணீரில் பட்டு வழுக்கியது. ஒரு முழங்கால் தரையில் இடித்தது.

"தபால்," என்று கத்தினான்.

ஆசாரியின் சுத்தியல் நின்றது. விளக்குக்காரர் கை நின்றது. நடிகரின் வாள் மட்டும் சுற்றி வந்து, குனிந்திருந்த தம்பியின் கவசத்தில், பொட்டுக்கு மேலே, டங்கென்று இறங்கியது. அடுத்த வெட்டுக்கும் ஓங்கிவிட்டார். எல்லோரும் அசையாமல் நிற்பதைக் கண்ணோட்டையில் பார்த்த பிறகுதான் இறக்கினார்.

அவள் கையிலிருந்த ஊசி எங்கே விழுந்ததென்று தெரியவில்லை.

தம்பி கவசத்தைக் கழற்றித் தலையை உலுக்கினான். ரத்தம் இல்லை. இயக்குநர் ஓடி வந்து இரண்டு கவசத்திலும் விரலை விட்டுப் பார்த்தாள். "தையலக்கா, இவ்வளவு தடியா வெச்சா யாருக்குக் கேக்கும்? பஞ்சு மெத்தையா தைக்கச் சொன்னேன்?"

தையலக்கா புருஷனைப் பார்த்தாள். அவர் இயக்குநரின் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன பேச்சு நடக்கிறதென்று அவருக்குப் புரிந்துவிட்டது.

"ஆமா," என்றார். "பஞ்சு கொஞ்சம் ஜாஸ்திதான்."

இருபத்தெட்டு வருஷத்தில் அவர் அவளைத் திட்டியிருக்கிறார், கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் படுத்திருக்கிறார். நாலு பேர் முன்னால் அவள் தலையில் பழியைத் தூக்கி வைத்தது இதுதான் முதல் தடவை. அவளுக்கு அழுகைகூட வரவில்லை. "எடுத்துடறேன்," என்றாள்.

"ரெண்டுலயும் எடுத்துடுங்க. காதுப் பக்கம் வெறுமனே இருக்கட்டும்."

கொஞ்ச நேரத்தில் தம்பி தன் கவசத்தைத் தூக்கிக்கொண்டு தையல் அறைக்கு ஏறி வந்தான். பொட்டுக்கு மேலே விரல் போகிற அளவுக்குப் பள்ளம்.

"இந்தா அக்கா, பிரி. டைரக்டர் சொன்னதுக்கு மூஞ்சியத் தூக்காதே. உன் மேல தப்பில்ல."

"வலிக்குதாடா?"

"மண்டைக்குள்ள இன்னும் மணி அடிக்குது. செவிடன் காதுல சங்கு ஊதின மாதிரி கத்துறேன், மாமா கேட்டாத்தானே. வேஷத்துல இறங்கிட்டா என்னையே அடையாளம் தெரியல மனுஷனுக்கு. அந்தக் காலத்துப் படிப்புக்கா. எங்க செட்டுல ஒருத்தனுக்கும் இது வராது."

அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "டேய், நாளைக்கு உடம்பு சரியில்லைன்னு சொல்லிடேன்."

"நல்லாக் கெடுத்தே. நாளைக்கு மூணு மணிக்கு முதல் ஷோ, ஹவுஸ் ஃபுல். என் பொண்ணு முதல் வரிசையில உக்காரப் போறா. அப்பாவை மாமா கொல்றதைப் பார்க்கணுமாம், ஒரு வாரமா ஸ்கூல் பூரா சொல்லிட்டுத் திரியறா." கவசத்தை அவள் மடியில் வைத்தான். "காதுப் பக்கம் சுத்தமா எடுத்துரு. மாமா எண் சொல்றது எனக்கு நல்லாக் கேக்கணும். அவர் கணக்காத்தான் அடிப்பார். நான்தான் ஒழுங்கா நிக்கணும்."

அவன் இறங்கிப் போனான். இருதலைக் கொள்ளி எறும்பு என்று சொல்வார்களே, அதற்காவது இரண்டு பக்கமும் நெருப்பு. இவளுக்கு ஒரு பக்கம் சொந்த ரத்தம், இன்னொரு பக்கம் சோறு போட்டவர். தையலைப் பிரித்தாள். ஒவ்வொரு மடிப்பாகக் கம்பளி கழன்று வந்தது. ஒரு பொய்க்காகத் தம்பியின் மண்டைக்குக் காவலாக வைத்ததைத் தன் கையாலேயே உருவுகிறோம் என்பது மூன்றாவது மடிப்பில்தான் அவளுக்கு உறைத்தது. கடைசி மடிப்பையும் எடுத்தபோது உள்ளே வெறும் இரும்புதான் தொட்டது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணி. மழை விட்டு லேசாக வெயில் அடித்தது. மேடையில் ஆசாரி கடைசி ஆணிகளை அடித்துக்கொண்டிருந்தார். யாரோ பியானோவைச் சரி பார்த்துக்கொண்டிருந்தார்கள். தையலக்கா கவசத்தை எடுத்துக்கொண்டு ஒப்பனை அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அவர் நரைத்த தாடியை ஒட்டி முடித்துக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார். தளபதியாகவே இருந்தார். அவள் கண்ணுக்கே அவ்வளவு அழகாக இருந்தார்.

கண்ணாடியில் அவர் பார்க்கிற மாதிரி நின்று பேசினாள். "நான் வாக்குக் குடுத்தேன். காப்பாத்தணும்னுதான் நினைக்கிறேன். ஆனா ஒண்ணு பண்ணுங்க."

"என்ன?"

"நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கோங்க. கண்ணை மூடிக்கோங்க. நான் கதவுகிட்ட நின்னு அந்தச் சொல்லைச் சொல்றேன். கேட்டா கையைத் தூக்குங்க. தூக்கினா இந்த ஹெல்மெட்டை நானே உங்க தலையில மாட்டி விட்டுட்டுப் போறேன். அப்புறம் வாயே திறக்க மாட்டேன்."

"கேக்கலைன்னா?"

"நீங்களே சொல்லுங்க."

நேற்றைக்குப் பழியைப் போட்டது அவருக்கும் உறுத்திக்கொண்டுதான் இருந்தது. "கேக்கலைன்னா தாடியைப் பிரிச்சுடறேன்," என்றார். "ஆனா கேக்கும். பெரிய சத்தம் எனக்குக் கேக்கும்மா. மெதுவாச் சொல்லி ஏமாத்தாதே."

"ஏமாத்த மாட்டேன்."

நாற்காலியைத் திருப்பிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். பள்ளியில் சொல்லிக் கொடுத்த மாதிரி முதுகு நிமிர்ந்திருந்தது. கண்ணை மூடி, கையை முழங்கால்மேல் வைத்துக்கொண்டார்.

அவள் கதவில் சாய்ந்து நின்று பேசுகிற குரலில் சொன்னாள். "தபால்."

கை அசையவில்லை. இது மெதுவாகத்தான் இருந்தது, இதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தெருவில் ஆளைக் கூப்பிடுகிற குரலில் இன்னொரு தடவை சொன்னாள். முழங்கால்மேல் விரல்கள் தயாராக, கொஞ்சம் வளைந்து இருந்தன. தூக்குங்க, தூக்கித் தொலைங்க என்று அவள் மனது கிடந்து அடித்துக்கொண்டது.

அப்போது அவர் அவளுக்கு எத்தனையோ நாள் விளையாட்டாகச் சொல்லிக் காட்டியதைச் செய்தாள். காலை அகட்டி நின்றாள். மூச்சை அடிவயிறு வரைக்கும் இழுத்தாள். பெற்ற பிள்ளை கிணற்றில் விழுந்தால் எப்படிக் கத்துவாளோ அப்படிக் கத்தினாள்.

"தபால்!"

சுத்தியல் நின்றது. பியானோ பாதி ஸ்வரத்தில் நின்றது. மேல்மாடியில் நடமாட்டம் நின்றது. கட்டிடம் முழுக்க ஒரு மூச்சுச் சத்தம் இல்லை. அப்புறம் நடையில் தடதடவென்று யாரோ ஓடி வந்தார்கள். கதவு திறந்தது. தம்பி ஒரு காலில் பூட்ஸும் மற்றது வெறுங்காலுமாக நின்றான். அவன் பின்னால் இயக்குநர், அவளுக்குப் பின்னால் சுத்தியலோடு ஆசாரி. தம்பி அக்காவைப் பார்த்தான், அவள் கையிலிருந்த கவசத்தைப் பார்த்தான், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த மாமாவைப் பார்த்தான்.

நடிகர் அசையவில்லை. கண் மூடியே இருந்தது. கை மட்டும் முழங்காலிலிருந்து ஒரு விரற்கடை எழும்பிக் காத்துக்கொண்டிருந்தது.

"என்னம்மா, ஆரம்பி," என்றார். "நான் ரெடி."